கருத்துவழி இயற்பியலும் கலைத்துறை மாணாக்கரும்

தோற்றுவாய்

மேனிலைப் பள்ளியில் வரலாற்றையோ வணிகவியலையோ சிறப்புப் பாடமாகக் கொண்டு, பின்னர்க் கல்லூரியில் தமிழோ பொருளியலோ பயிலப் புகும் மாணாக்கர், இயற்பியலோடு தமக்கிருந்த உறவு பத்தாம் வகுப்புத் தேர்வோடு அற்றுவிட்டது என்றே கருதுகின்றனர். நியூட்டனுக்கு விடை கொடுத்தாயிற்று என்னும் நிம்மதியும் அவர்கட்கு உண்டு. ஆயின் அவர்கள் நாள்தோறும் ஏறும் பேருந்தும், கையிலேந்தும் தொலைபேசியும், குடிக்கும் தேநீரின் சூடும் இயற்பியலை விட்டு விலகுவதில்லை. இந்நிலையில் உள்ளோர்க்கென்றே வகுக்கப்பட்ட படிப்பு ஒன்று உண்டு. அதனைக் கருத்துவழி இயற்பியல் என்பர். அமெரிக்கக் கல்லூரிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயிற்றப்பட்டுவரும் அப்படிப்பு, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக இணையவழியிலும் கிடைக்கின்றது. அஃது எத்தகையது, அதனைத் திரைவழியே கற்கப் புகுவோர் எதனைப் பெறுவர், எதனை இழக்கக்கூடும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் நியூட்டனுக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். ‘வேலை’ என்னும் அச்சொல்லே இக்கட்டுரையின் ஒரு பகுதிக்குப் பொருளாகப் போகின்றது. ஆதலின் அவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

சாரத்தின்மேல் எழுந்த வினா

கருத்துவழி இயற்பியல் என்னும் பெயரை உலகறியச் செய்தவர் பால் ஹியூவிட் என்பவர். இவர் 1964 முதல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தார். அப்பெயரிலேயே இவர் எழுதிய பாடநூலின் முதற்பதிப்பு 1971இல் வெளிவந்தது. இயற்பியலுக்கு வருமுன் இவர் குத்துச்சண்டை பழகியவர். விளம்பரப் பலகை எழுதும் தொழிலும் செய்தவர். தம் நூலுக்குரிய கேலிச் சித்திரங்களைத் தாமே வரைந்து கொண்டதற்கு அத்தொழிலே துணைநின்றது போலும்.

அந்நாளில் ஹியூவிட்டுடன் பலகை எழுதியவர் பர்ல் கிரே. இருவரும் இரு கயிறுகளில் தொங்கும் சாரப் பலகைமீது நின்று வேலை செய்வர். கிரே உடல் பருத்தவர். தம் பக்கத்துக் கயிற்றையும் நண்பர் பக்கத்துக் கயிற்றையும் அவர் விரலால் சுண்டிப் பார்ப்பார். தம் பக்கத்துக் கயிறு சற்று உச்சத்தில் ஒலிக்கும். இழுவிசை மிகுந்த கயிறு அதுவே என்பதற்கு அவ்வொலியே சான்று. அடுத்து ஒரு வினா எழுந்தது. ஒருவர் நடந்து மற்றவர் பக்கம் சென்றால் அப்பக்கத்துக் கயிற்றில் இழுவிசை கூடும், மறுபக்கத்தில் குறையும், சரி. கூடிய அளவும் குறைந்த அளவும் ஒன்றாகவே இருக்குமா? அப்படியாயின் ஒரு கயிறு மற்றொரு கயிற்றில் நிகழ்ந்ததை எவ்வாறு அறிந்துகொள்கிறது? இவ்வினாவுக்கு அவ்விருவருக்கும் அன்று விடை தெரியவில்லை. பின்னாளில் இயற்பியல் பயின்றபோதே ஹியூவிட் அதனைக் கண்டுகொண்டார். தம் பாடநூலின் தொடக்கப் பகுதியிலேயே அந்நிகழ்ச்சியை அவர் எழுதி வைத்துள்ளார்.

விடையைக் காண்போம். எளிமை கருதி எண்களை நாமே கொள்வோம். பலகையின் எடை 400 நியூட்டன். ஒருவர் எடை 600, மற்றவர் எடை 800. ஆக மொத்தம் 1800. கயிறுகள் பலகையின் இரு முனைகளில் கட்டப்பட்டுள்ளன. பலகை கீழே விழவுமில்லை, மேலே எழவுமில்லை. எனவே இரு கயிறுகளும் மேல்நோக்கி இழுக்கும் இழுப்பு சேர்ந்து 1800 ஆகவே இருத்தல் வேண்டும். இருவரும் நடுவில் நின்றால் ஒவ்வொரு கயிற்றுக்கும் 900. மெலிந்தவர் இடக்கோடிக்கு நடந்துவிட்டால் இடக்கயிற்றில் 1200, வலக்கயிற்றில் 600. அங்கே 300 கூடிற்று, இங்கே 300 குறைந்தது. பருத்தவரும் உடன்சென்று இடக்கோடியில் நின்றுவிட்டாலோ இடக்கயிற்றில் 1600 ஆகும். அப்பொழுது வலக்கயிறு முற்றும் தளர்ந்துவிடுமோ எனின், அன்று. பலகையின் எடையில் பாதியாகிய 200 அதில் எஞ்சி நிற்கும். ஒரு கயிறு மற்றொன்றினிடம் செய்தி கேட்பதில்லை. அசைவற்று நிற்கும் பொருளின்மேல் மேல்நோக்கும் விசையும் கீழ்நோக்கும் விசையும் சரிக்குச் சரியாதல் வேண்டும் என்னும் ஒரே விதி எல்லாவற்றையும் முடித்துவைக்கின்றது.

இங்கே கூட்டலும் கழித்தலுமன்றி வேறு கணக்கு வரவில்லை. இயற்பியல் மட்டும் குறைவின்றி வந்துவிட்டது. சமன்பாட்டை எண்ணிட்டு விடை காணும் கருவியாகக் கொள்ளாது, சிந்தனைக்கு வழிகாட்டும் வாக்கியமாகக் கொள்வதே ஹியூவிட் காட்டிய நெறி. விசை இருமடங்கானால் முடுக்கம் இருமடங்காகும், நிறை இருமடங்கானால் முடுக்கம் பாதியாகும் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு நியூட்டனின் இரண்டாம் விதி வசப்பட்டுவிட்டது. இத்தகைய பாடங்களை அமெரிக்கப் பேராசிரியர் சிலர் ‘கவிஞர்க்கு இயற்பியல்’ என்று நகைப்பதுண்டு. ராபர்ட் மார்ச் என்பவர் 1970இல் வெளியிட்ட பாடநூலுக்கு அதனையே தலைப்பாக இட்டார். தமிழ்த்துறையினர் அப்பெயரை இழிவாகக் கொள்ள வேண்டுவதில்லை.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்து லூயிஸ் புளூம்பீல்டு வேறொரு வழியை மேற்கொண்டார். விதியிலிருந்து பொருளுக்கு வாராமல், பொருளிலிருந்து விதிக்குச் சென்றார். ‘பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன’ என்னும் அவருடைய பாடம் 2013இல் கோர்செரா என்னும் இணையத் தளத்தில் வெளியாயிற்று. அதன் ஆறு பகுதிகள் பனிச்சறுக்கல், விழும் பந்துகள், சாய்தளம், ஏற்றவிறக்கப் பலகை, சக்கரம், மோதுகார் என்பன. பெயரைக் கண்டு பூங்கா விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நிலைமம், முடுக்கம், ஆற்றல், திருப்புவிசை, உராய்வு, உந்தம் ஆகியன அவ்வாறினுள் அடங்கிக் கிடக்கின்றன.

உடம்பு அறிந்துவைத்த இயற்பியல்

மாணாக்கன் வெற்றுப் பலகைபோல் வகுப்புக்கு வருவதில்லை என்பதே இத்துறையில் கண்டறியப்பட்ட பேருண்மை. நடக்கத் தொடங்கிய நாள்முதல் அவன் தள்ளியும் இழுத்தும் எறிந்தும் ஓர் இயற்பியலைத் தானே வகுத்துக் கொண்டிருக்கிறான். அவ்வியற்பியலின் முதல் விதி, தள்ளினால் நகரும், தள்ளுவதை நிறுத்தினால் நின்றுவிடும் என்பது. மாட்டு வண்டியை நோக்கினாலும், சமையலறையில் அரிசி மூட்டையை நகர்த்தினாலும் அவ்விதி மெய்யாகவே தோன்றுகின்றது. அரிஸ்டாட்டில் கூறியதும் ஏறத்தாழ இதுவே.

புளூம்பீல்டு பனிச்சறுக்கலை முதற்பாடமாக வைத்தமைக்குக் காரணம் இங்கேதான் உள்ளது. பனிக்கட்டிமீது சறுக்குபவன் ஒருமுறை உந்திவிட்டபின் யாரும் தள்ளாமலே நெடுந்தொலைவு செல்கிறான். பனிக்கட்டியைக் காணாத நம் நாட்டினர்க்குக் காரம் பலகை போதும். மாவு தூவாத பலகையில் சுண்டிய காய் சிறிது தொலைவு சென்று நின்றுவிடுகின்றது. மாவு தூவியபின் அதே சுண்டலுக்கு அது பலகையைக் கடந்து விளிம்பில் மோதித் திரும்புகின்றது. மாவு காயைத் தள்ளவில்லை. காயைத் தடுத்த உராய்வைக் குறைத்தது. உராய்வே இல்லையெனில் காய் எங்கே நிற்கும் எனச் சிந்தித்தால், நிற்பதற்கே காரணம் இல்லை என்னும் முடிவு கிட்டும். கலீலியோ சாய்தளங்களை வைத்து இம்முடிவை நெருங்கினார். நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் அதனை முதல் விதியாக்கினார். இயங்குவதற்கு விசை வேண்டுவதில்லை. இயக்கம் மாறுவதற்கே விசை வேண்டும்.

இதனைப் படித்து ‘ஆம்’ என்று தலையசைப்பது எளிது. உடம்பு நம்புவதில்லை. ஒரு நாணயத்தை நேர்மேலே சுண்டுங்கள். கையை விட்டு அது மேலே சென்று கொண்டிருக்கும் அவ்வேளையில் அதன்மீது செயற்படும் விசைகள் யாவை? காற்றின் தடையை விட்டுவிடுக. மேல்நோக்கிய விசை ஒன்று உண்டு, அது சிறிது சிறிதாகக் குறைகின்றது, உச்சியில் புவியீர்ப்புக்குச் சமமாகின்றது, பின்பு தோற்றுவிடுகின்றது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளெமென்ட் பொறியியல் மாணாக்கரிடம் இத்தகைய வினாவைக் கேட்டு 1982இல் கட்டுரை வெளியிட்டார். இயக்கவியல் பாடம் முடித்தோரிலும் பெரும்பாலோர் பிழையாகவே விடையளித்திருந்தனர். சரியான விடை, கீழ்நோக்கிய புவியீர்ப்பு ஒன்றே என்பது. மேலே செல்லும்போதும் அதுவே, உச்சியிலும் அதுவே, இறங்கும்போதும் அதுவே. கை தந்தது வேகம்; விசை கையோடு நின்றுவிட்டது.

பிழைபட்ட அவ்விடையை எள்ளி நகையாடுதல் ஆகாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. எறிந்தவனிடமிருந்து எறிபொருளுக்கு ஏதோ ஒன்று ஏறிச் செல்கின்றது என்று 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் பிலோபோனஸ் கருதினார். 11ஆம் நூற்றாண்டில் இப்னு சீனா அதனை ஒரு சாய்வாகக் கொண்டார். வெளியே தடை இல்லையெனில் அச்சாய்வு தானே தேய்ந்து போகாது என்றும் கூறினார். அக்கூற்று நியூட்டனின் முதல் விதிக்கு மிக அணித்தாக நிற்கின்றது. 14ஆம் நூற்றாண்டில் பாரிசு நகரத்துப் பூரிதான் அவ்வழியே மேலும் சென்றார். மனித இனத்தின் கூர்த்த மதியினர் கடக்க ஆயிரம் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்ட தொலைவை ஒரு பருவத்தில் கடக்குமாறு மாணாக்கனை நாம் கேட்கிறோம். அவன் தயங்குவது இயல்பே.

கணிதம் தெரிந்தவர் இவ்விடரிலிருந்து தப்பிவிடுகின்றனரா எனின், இல்லை. டேவிட் ஹெஸ்டினீசும் துணைவர் இருவரும் 1992இல் ஒரு வினாத்தொகுதியை வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 30 வினாக்கள். கணக்கு ஒன்றுகூட இல்லை. பார வண்டியும் சிறு காரும் மோதினால் எது எதன்மேல் மிகுந்த விசையைச் செலுத்தும் என்பது போன்ற எளிய வினாக்களே உள்ளன. இத்தகைய வினாக்களை ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில் எரிக் மாசூர் தம் மாணாக்கர்க்குக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைத் திறம்பட விடுவித்தவர்கள் எளிய வினாக்களில் இடறி விழுந்தனர். வாய்பாட்டை அவர்கள் கற்றிருந்தனர். உலகைப் பற்றிய நம்பிக்கையோ மாறாமல் அப்படியே இருந்தது. மாசூர் அதன்பின் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, வினா ஒன்றை இட்டு, பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுமாறு மாணாக்கரை ஏவும் முறையைக் கைக்கொண்டார். ரிச்சர்டு ஹேக் 1998இல் 62 வகுப்புகளைச் சேர்ந்த 6,542 மாணாக்கரின் மதிப்பெண்களைத் தொகுத்தார். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள், தாம் அடையக்கூடிய முன்னேற்றத்தில் சராசரி 23 விழுக்காட்டையே அடைந்தன. வினாவும் வாதமும் கையால் செய்து பார்த்தலும் கலந்த வகுப்புகள் 48 விழுக்காட்டை எட்டின.

வண்டி மோதிய வினாவுக்கு விடை கூறாமல் செல்லுதல் முறையன்று. 15,000 கிலோகிராம் லாரியும், ஓட்டுநரோடு சேர்த்து 150 கிலோகிராம் உள்ள மொபெட்டும் மோதுகின்றன என்க. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசை சமமே. நிறை மட்டும் நூறு மடங்கு வேறுபடுகின்றது. ஆதலின் லாரியின் வேகம் மணிக்கு அரைக் கிலோமீட்டர் மாறும்போது மொபெட்டின் வேகம் 50 கிலோமீட்டர் மாறிவிடுகின்றது. அடி சமம், அழிவு சமமன்று. தலைக்கவசம் அணியச் சொல்லும் சுவரொட்டிகள் பலவற்றினும் இவ்விரு சொற்றொடர் மிகுதியும் அறிவுறுத்தும் என்பது என் கருத்து.

திரையின் தெளிவு

இனி இணையவழிக்கு வருவோம். அதன் நலன்கள் வெளிப்படையானவை. விளங்காத இடத்தை மீண்டும் ஓட்டலாம். ஆங்கில உச்சரிப்பு பிடிபடாவிடின் வேகத்தைக் குறைக்கலாம், எழுத்து வடிவத்தை உடன் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கட்டணம் இல்லை. ஹியூவிட்டும் தம் முதுமையில், தாமே படம் வரைந்து விளக்கும் குறுங்காணொளிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை இணையத்தில் வழங்கினார். வகுப்பில் கையுயர்த்தி ‘விளங்கவில்லை’ என்று கூற நாணும் கலைத்துறை மாணாக்கனுக்கு இவை பெருந்துணை.

ஆயினும் திரைக்கே உரிய ஒரு மயக்கம் உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தில் டெரெக் மல்லர் என்பவர் 2008இல் நிறைவு செய்த முனைவர் பட்ட ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. நியூட்டன் விதிகளைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் விளக்கும் காணொளியை அவர் மாணாக்கர் சிலருக்குக் காட்டினார். வேறு சிலருக்கு, ஒருவர் வழக்கமான பிழைக் கருத்தைக் கூற மற்றொருவர் அதனை வினவி வினவி அவிழ்க்கும் உரையாடலைக் காட்டினார். முதற்குழுவினர் தாம் கண்டது மிகத் தெளிவானது, எளிதில் விளங்கிற்று என்று பாராட்டினர். தேர்விலோ அவர்கள் மதிப்பெண் முன்பு இருந்தவாறே இருந்தது எனலாம். இரண்டாம் குழுவினர் குழப்பமாக இருந்ததாகக் கூறினர். அவர்கள் மதிப்பெண் இருமடங்கை நெருங்கியது.

காரணம் காண்பது அரிதன்று. தெளிவான விளக்கத்தைக் கேட்பவன் தன் உள்ளத்தில் ஏற்கெனவே உள்ள கருத்தையே அவ்விளக்கம் உறுதிப்படுத்துவதாக எண்ணிக் கொள்கிறான். ‘நாணயத்தின்மேல் புவியீர்ப்பு செயற்படுகின்றது’ என்னும் தொடரைக் கேட்டு, ‘அதுதான் எனக்குத் தெரியுமே’ என்கிறான். மேல்நோக்கிய விசை அவன் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வகுப்பில் அவன் முகத்தைக் கண்டு ஆசிரியர் குறுக்கு வினா எழுப்புவார். திரை எழுப்புவதில்லை, அது பாடிக்கொண்டே செல்லும்.

ஆகவே இணையவழியில் இப்படிப்பை மேற்கொள்வோர் திரைக்கு இல்லாத அக்குறுக்கு வினாவைத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். விளக்கம் தொடங்குமுன் காணொளியை நிறுத்தி, என்ன நிகழும் என்று தாம் கருதுவதை ஏட்டில் மையால் எழுதிவிட வேண்டும். மனத்துக்குள் கருதிக்கொண்டால் போதாது. மனம் விடையைக் கண்டதும் ‘நானும் அப்படித்தான் எண்ணினேன்’ என்று கூசாமல் கூறிவிடும். ஏடு அவ்வாறு கூறாது. விடுதி அறையில் இருவராக அமர்ந்து, இருவரும் தனித்தனியே எழுதி, வேறுபட்டால் வாதிட்டு, அதன்பின் காணொளியைத் தொடர்வது இன்னும் நன்று. பதினைந்து நிமிடக் காணொளிக்கு ஒரு மணிநேரம் ஆகும். ஆகட்டும்.

கையால் செய்து பார்ப்பதும் அத்தகையதே. ஒரு ரூபாய் நாணயத்தையும், அதைவிடச் சிறிதாக வெட்டிய காகித வட்டத்தையும் தனித்தனியே விடுங்கள், காகிதம் பிந்தும். காகிதத்தை நாணயத்தின்மேல் வைத்து நாணயத்தைக் கிடையாக விடுங்கள். இரண்டும் ஒன்றாக வந்து சேரும். பின்னதில் நாணயம் காற்றை விலக்கிவிட்டது. எடை மிகுந்தது முன்னே விழும் என்னும் பழங்கருத்து ஒரு நொடியில் ஆட்டம் காணும். வீட்டில் செய்ய இயலாதவற்றுக்கு, கொலராடோப் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய பெட் என்னும் திட்டத்தின் ஊடாட்டப் படங்கள் உதவும். மின்சுற்று, அலை, ஒளி ஆகியவற்றில் எதை மாற்றினால் எது மாறும் என்று அவற்றில் தொட்டுப் பார்க்கலாம்.

இணையவழிப் படிப்பைத் தொடங்கியோர் யாவரும் முடிப்பதில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. ஹார்வர்டும் மாசசூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனமும் வழங்கிய திறந்தநிலைப் படிப்புகளைக் குறித்து 2019இல் வெளியான ஆய்வு, 2017-18ஆம் ஆண்டில் சேர்ந்தோருள் நூற்றுக்கு மூவரே முடித்தனர் என்று காட்டுகின்றது. சான்றிதழுக்குப் பணம் கட்டியோருள் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் முடித்தனர். பணத்தின் அருமை என்று சிலர் கூறுவர். முடிக்கும் உறுதியுடையோரே பணம் கட்ட முன்வந்தனர் என்பதும் பொருந்தும்.

சொல்லும் பொருளும்

ஏட்டில் எழுதும் அக்கருத்தை மாணாக்கர் தம் தாய்மொழியில் எழுதுதல் வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்திலேயே திருப்பி எழுதினால் சொற்கள் மட்டும் இடம் மாறும். தமிழில் எழுத முனையும்போதுதான் கருத்து விளங்கிற்றா என்பது தெரியவரும். மொழி பயில்வோர்க்கு இங்கே ஒரு தனி உரிமையும் உண்டு. இயற்பியலின் இடர்ப்பாடுகளுள் பாதி, சொற்பொருள் பற்றியவை.

‘வேலை’யை எடுத்துக்கொள்வோம். தொடர்வண்டி நிலையத்தில் 20 கிலோகிராம் பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தூக்கித் தலையில் வைக்கும் தொழிலாளி, பெட்டியின்மேல் ஏறத்தாழ 300 ஜூல் வேலை செய்கிறார். அதன்பின் சமமான நடைமேடையில் அரைக் கிலோமீட்டர் சீராக நடந்தாலும் அவர் பெட்டியின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யும் வேலை சுழியே. விசை மேல்நோக்கியது, நகர்வு கிடையானது, விசையின் திசையில் நகர்வு இல்லை. அவர் களைத்துப் போவது மெய். தசைநார்கள் இடைவிடாது சுருங்கியும் நெகிழ்ந்தும் உணவின் ஆற்றலை வெப்பமாக்குகின்றன. அவ்வாற்றல் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்பதே இயற்பியல் கூறுவது. கூலி பேசும்போது இவ்விலக்கணத்தை எடுத்துக்காட்டுவது அறமன்று.

‘ஆற்றல்’, ‘திறன்’ என்னும் இரண்டையும் வழக்கில் மாற்றி மாற்றி ஆள்கிறோம். இயற்பியலில் ஆற்றல் இருப்பு. திறன் அதனைச் செலவிடும் விரைவு. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயிலாத மாணாக்கர்க்குப் பாடம் நடத்திய ரிச்சர்டு மல்லர் (முன்னர்க் கூறியவர் அல்லர்) ஓர் ஒப்பீட்டை முன்வைப்பார். ஒரே எடையுள்ள சாக்லேட் பிஸ்கட்டையும் வெடிமருந்தையும் நோக்கினால், பிஸ்கட்டில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ எட்டு மடங்கு மிகுதி. வெடிமருந்து தன் சிறு ஆற்றலை நொடியின் மிகச் சிறு கூறிலே கொட்டிவிடுகின்றது. அதன் திறன் பெரிது. பிஸ்கட் உடம்பினுள் மணிக்கணக்கில் மெல்லச் செலவாகின்றது. ஆற்றலும் திறனும் வேறென்பதை இதனினும் நன்கு விளக்குதல் அரிது.

‘நிறை’யும் ‘எடை’யும் இவ்வாறே. ஒருவருடைய நிறை 60 கிலோகிராம் எனின் நிலவிலும் அதுவே. அவர் எடையோ இங்கே ஏறத்தாழ 590 நியூட்டன். நிலவில் 100க்குச் சற்றுக் குறைவு. கடைத்தெருவில் எடையைக் கிலோகிராமில் கூறுவது வழக்கு. அதனைத் திருத்தப் புறப்படுவது வீண். இதில் சுவையான செய்தி வேறொன்று. தமிழ்நாட்டுப் பாடநூல் ‘நிறை’ எனக் குறிப்பதை இலங்கைத் தமிழ்ப் பாடநூல் ‘திணிவு’ என்னும். நாம் ‘எடை’ என்பதை அவர்கள் ‘நிறை’ என்பர். நம் ‘வேகம்’ அவர்கட்குக் ‘கதி’. நம் ‘திசைவேகம்’ அவர்கட்கு ‘வேகம்’. முடுக்கத்தை ஆர்முடுகல் என்றும், நிலைமத்தைச் சடத்துவம் என்றும் வழங்குவர். யாழ்ப்பாணத்து மாணாக்கனும் தஞ்சை மாணாக்கனும் ‘நிறை’ என்னும் ஒரே சொல்லை உரைத்து இருவேறு பொருளைக் கருதுவர். ஆயினும் இருவர் எழுதும் விடையும் சரியாகவே இருக்கும். சொல்லை மனனம் செய்தவனுக்கு இது குழப்பம். எதனை அளக்கிறோம், எவ்வாறு அளக்கிறோம் என்று அறிந்தவனுக்கு எந்தச் சொல்லும் தடையாகாது. கலைச்சொல் ஆக்கத்தில் ஈடுபடும் தமிழாய்வாளர், இத்தகைய அறிமுகப் பாடம் ஒன்றையேனும் முடித்துவிட்டு அப்பணியில் இறங்குவது தக்கது.

தொடங்க விழைவோர்க்கு

நம் நாட்டில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டமும், நடுவணரசு 2017இல் தொடங்கிய சுவயம் தளமும் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வெளியிட்ட விதிமுறை, ஒரு பருவத்துப் பாடங்களின் மதிப்பலகில் 40 விழுக்காடு வரை சுவயம் வழியே ஈட்டலாம் என்கின்றது. கல்லூரியும் பல்கலைக்கழகமும் அப்பாடத்தை ஏற்றிருக்க வேண்டும். ஆதலின் சேருமுன் துறைத்தலைவரைக் கேட்டறிதல் நலம். பாடத்தின் தலைப்பில் ‘அறிமுகம்’ என்று இருப்பதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. பொறியியல் மாணாக்கர்க்குரிய அறிமுகப் பாடங்கள் முதல் வாரத்திலேயே நுண்கணிதத்தில் இறங்கிவிடும். முன்தேவை என்னும் பகுதியில் நுண்கணிதம் கேட்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, முதல் இரு காணொளிகளையும் முதல் வாரத் தேர்வையும் பார்த்த பின்னரே பதிவு செய்யலாம்.

இயக்கவியலில் காலூன்றியவர்க்கு வெப்பமும் ஒலியும் விரைவில் வசமாகும். மின்னியலும் காந்தவியலும் சற்றுக் கடினம். அங்கே கண்ணால் காண்பதற்கு ஒன்றுமில்லை, ஒப்புமைகளைக் கொண்டே நடக்க வேண்டியுள்ளது. ஒளியியல் பெரும்பாலோர்க்கு இன்பம் தருவது. குவாண்டம் இயற்பியலை அறிமுகப் பாடங்கள் கடைசி வாரத்தில் தொட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என்னளவில் அதனை விட்டுவிட்டு, மிதத்தல் விதிக்கு மேலும் ஒரு வாரம் தருவதே நன்று.

மிதத்தல் பற்றிய ஒரு வினாவை இவ்வகைப் பாடங்களில் அடிக்கடி காணலாம். சிறு குளமொன்றில் படகு மிதக்கின்றது. படகினுள் ஒரு பெருங்கல். படகிலிருப்பவர் அக்கல்லைத் தூக்கிக் குளத்தினுள் இட, அது மூழ்கி அடியைச் சேர்கின்றது. குளத்தின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, மாறாதிருக்குமா? விடையை ஈண்டு எழுதவில்லை. முதலில் ஏட்டில் உங்கள் கருத்தையும் அதற்குரிய காரணத்தையும் எழுதுங்கள். பின்பு ஒரு வாளியில் பாதி நீர் நிரப்பி, ஒரு கிண்ணத்தில் அம்மிக் குழவியளவு கனமான கல்லையோ எடைக்கல்லையோ வைத்து மிதக்கவிட்டு, வாளியின் உட்புறம் நீர்மட்டத்தில் ஒரு கோடிட்டுக்கொள்ளுங்கள். கல்லை எடுத்து வாளியினுள்ளேயே மெல்ல இறக்குங்கள். வெற்றுக் கிண்ணம் அங்கேயே மிதக்கட்டும். நீர் அசைவடங்கியபின் கோட்டைப் பாருங்கள்.